ஆறு பாட்டுக்கும் ஒரே செட்டிங்

1. முட்டை மட்டை

மழையில் நனைந்த முட்டை மட்டையின் வாசம் எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குக் கிளிநொச்சியில் ஒரு மேல்மாடி அறை திறந்துகொள்ளும். ஈரக் கடதாசி, கோதுமை மாப் பசை, அதற்கடியில் என்றோ உடைந்த ஒரு முட்டை. ஏ-ஒன்பது வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே, பத்தடிக்கு எட்டடி. அதுதான் ஸ்டூடியோ. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டுவது என் முதல் நாள் வேலை. ஒலிப்பதிவு பழகலாம் என்று போனவன் பின்னேரம் வரை பசை பூசினேன். மாரி காலம். ஒரு பக்கம் ஒட்ட மறுபக்கம் உரிந்தது. ஒட்டிய இடத்தில் எலி பசை தின்றது.

ஸ்டூடியோ சிறி அண்ணையுடையது. போர் முடிந்து சனம் ஊர் திரும்பி, தகரம் போட்டுக் குடியேறிக்கொண்டிருந்த காலம். பாதி வீடுகளுக்குக் கதவு இல்லை. இந்த மனிசன் மைக் வாங்கிக்கொண்டு வருகிறார் என்று சந்தையில் சிரித்தார்கள்.  நான் வேலை முடிந்து கை கழுவியபோது சிறி அண்ணை தேத்தண்ணி ஊற்றித் தந்து ஒன்று சொன்னார்.

"ராசன், இஞ்சை வாறவை பாடகர் இல்லை. வயல் செய்யிறவை, கடலுக்குப் போறவை. கையிலை ஒரு பாட்டு இருக்கும், அவ்வளவுதான். ஒருத்தரையும் அழுதுகொண்டு படியிறங்க விடாதையும். சனம் அழுதது காணும்."

நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். நல்ல சட்டம். பத்து வருடத்துக்கு மேல் அதற்குக் கீழ்ப்படிந்தேன். அதில் எங்கே பிழைத்தேன் என்பதைத்தான், இப்போது லாப்டொப்பும் ஒரு மைக்கும் வாங்கித் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

2. மீற்றரைப் பார்

தன் பாட்டைத் தானே முதன்முதலாக ஸ்பீக்கரில் கேட்கிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒலியளவு காட்டுகிற மீற்றரைப் பாருங்கள். பச்சை விளக்கு ஏறி இறங்குவதைப் பாருங்கள். நானும் நாலு வரி எழுதுகிறவன்தான். அந்த நேரத்து முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். யாரோ தன் வீட்டு அலுமாரியை வீதியில் வைத்துத் திறந்தது போல நிற்கும்.

ஓமந்தைப் பக்கத்துத் தபால் ஊழியர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போதே படியில் நின்று சொல்லிக்கொண்டு வருவார், இதுதான் பாட்டு, போனமுறை செய்தது குப்பை, அதை அழித்துவிடும் என்று. அடுத்த முறை வரும்போது இந்தப் பாட்டும் குப்பையாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்து, ஒவ்வொரு முறையும் பழைய உடம்பை என்னிடம் எரிக்கத் தருவார். நான் ஒன்றையும் அழித்ததில்லை. ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் இருக்கிறது.

பூவரசங்குளத்திலிருந்து ஒரு ரீச்சர் வந்தா. அவவுக்கு நேர் மாறான வியாதி. ஒரே பல்லவி. நாற்பதுக்கு மேல் டேக். ஒவ்வொரு டேக்கும் முடிய ஹெட்போனைக் கழற்றி, "இது இல்லை" என்பா. காலையில் வந்தவ மூன்று மணி பஸ்சுக்கு எழும்பினா. பாட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. "மண்டைக்குள்ளை இருக்கேக்கை நல்லாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னா. பிறகு அவ வரவில்லை. எங்கேயோ ஒரு வகுப்பறையில் இன்னும் அந்தப் பல்லவியை மண்டைக்குள் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பா என்று நினைக்கிறேன்.

பொழுதுபோக்குக்கு எழுதுகிறார்கள் என்று சொல்வார்கள். நான் கண்டது வேறு. காசுக்குப் பாடுகிறவருக்குக் கைதட்டல் இருக்கும், அடுத்த மேடை இருக்கும், அதைக் கொண்டு தான் எங்கே நிற்கிறோம் என்று அளந்துகொள்வார். இவர்களுக்கு அளவுகோல் ஒன்றும் கிடையாது. நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறதுதான் அளவு. அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

3. 'தவமணி' என்ற பெயரில் சேமித்தது

தவமணி அக்கா ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. வாய்க்காலில் தண்ணீர் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் பாட்டுக் கட்டுவார். கொப்பியில் எழுதுவதில்லை. போனில் பாடிப் பதிந்து கொண்டு வருவார். பின்னால் தவளையும் தண்ணீரும் கேட்கும். காலபோகம் வெட்டி, நெல் வீட்டுக்கு வந்த பிறகு, வருடத்துக்கு ஒரு பாட்டு. அப்படி ஆறு வருடம், ஆறு பாட்டு.

முதல் பாட்டு அவருடைய ஊர்ப் பிள்ளையாருக்கு.

"அருளே பொருளே ஆனை முகனே,
அன்பே பண்பே ஆதி முதலே."

கோயிலில் யாரும் பாடக்கூடிய சொற்கள்தான். ஆனால் சுருதி ஒவ்வொரு வரி முடிவிலும் கீழே சறுக்கியது. மூச்சுக்கு இடம் விடாமல் சொல்லை அடைத்திருந்தார். மெட்டு மூன்றாம் வரியில் வேறு எங்கோ போய்த் திரும்ப வழி தெரியாமல் நின்றது.

அவரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். ட்யூனிங் போட்டுச் சுருதியை நிமிர்த்தினேன். தாளத்துக்கு வராத இடங்களை வெட்டி இழுத்துப் பொருத்தினேன். வரி முடிவுகளை நானே கொஞ்சம் மாற்றினேன். கீழே கீபோர்ட்டில் கோர்ட் என்கிற சுரக்கூட்டு நாலு, திரும்பத் திரும்ப வரும் ஒரு தபேலா லூப், இடைவெளியில் புல்லாங்குழல், எல்லாவற்றுக்கும் மேலே கோயில் மண்டபம் மாதிரி எக்கோ. திரும்பி வந்து கேட்ட தவமணி அக்கா கதிரையின் நுனியில் இருந்தபடி, "இது நானோ?" என்றார். நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டு, ஓம் அக்கா, நீங்கள்தான் என்றேன்.

அழாமல்தான் படியிறங்கினார். சிறி அண்ணை பின்னால் நின்று என் தோளில் தட்டினார்.

அந்த செட்டிங்கை அவரின் பெயரிலேயே கணினியில் சேமித்து வைத்தேன். அடுத்த வருடம் அவர் வந்தபோது 'தவமணி' என்பதை அழுத்தினேன். வேலை அரை மணியில் முடிந்தது. அதற்கடுத்த வருடமும் அழுத்தினேன். அதே சுருதி, அதே வேகம், அதே நாலு கோர்ட், அதே புல்லாங்குழல். இதற்கிடையில் சிறி அண்ணை பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். ஸ்டூடியோ என் பொறுப்புக்கு வந்தது. முட்டை மட்டை போய்ப் பஞ்சு வந்தது. செட்டிங் மட்டும் மாறவில்லை. பாட்டுகளை யூடியூப்பில் போட்டோம். கனடாவில் இருக்கிற அவரின் மகள் அங்கே சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள்.

4. பென் டிரைவ்

ஏழாம் வருடம் அறுவடைக்குப் பிறகு தவமணி அக்கா வந்தபோது கையில் போன் மட்டும் இருந்தது. புதுப்பாட்டு இல்லை. பையிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்து மேசையில் வைத்தார். ஆறு பாட்டையும் இதில் போட்டுத் தாரும், மகளிடம் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார், கொடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, தான் பாட்டை விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

வைகாசித் திருவிழாவுக்குப் புதுப்பாட்டு வேண்டுமென்று கோயில்காரர் கேட்டிருக்கிறார்கள். அன்று திரும்பிப் போகும் வழியில் ஏலாது என்று சொல்லிவிட்டுப் போவதாக இருந்தார். வேறு ஆள் பிடிக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமாம். நான் ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, நேற்று ரோட்டோரம் நெல்லுக் காயப்போட்டு, மாடு வராமல் காவலுக்கு இருந்தனான். சும்மா இருக்கிறன்தானே எண்டு ஆறு பாட்டையும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா விட்டுக் கேட்டன். எது முடிஞ்சது, எது தொடங்கினது எண்டு எனக்கே தெரியேல்லை. சொல்லு மாறியிருக்கு, பாட்டு மாறேல்லை. ஆறு வருசமா ஒரே வரம்பிலை நிண்டிருக்கிறன். உமக்குத் தெரிஞ்சிருக்கும். நீர் நல்ல பிள்ளை, சொல்லேல்லை."

அவர் குரலில் அழுகை இல்லை. விளையாத துண்டு ஒன்றை இனி விதைப்பதில்லை என்று முடிவெடுத்த ஆளின் குரல்.

நான் பென் டிரைவைச் செருகினேன். அவர் பெயரில் இருந்த கோப்பைத் திறந்தேன். ஆறு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் கை வைக்காத அதன் மூல டேக். அவற்றை நான் பதிந்த நாளைக்குப் பிறகு கேட்டதே இல்லை. ஆனால் கை நினைவு வைத்திருந்தது. முதல் பாட்டில் எவ்வளவு வெட்டினேன், கடைசிப் பாட்டில் எவ்வளவு குறைவாக வெட்டினேன் என்று கைக்குத் தெரியும். தான் வளரவில்லை என்று அவர் நினைத்ததற்குக் காரணம் நான். ஆறு பாட்டையும் நான் ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்திருந்தேன்.

சொல்லாமல் விட்டால் அவர் நன்றி சொல்லிப் போய்விடுவார். பாட்டு நின்றுவிடும், என் பெயர் கெடாது. சொன்னால், ஆறு வருடமாக ஊரும் உறவும் புகழ்ந்தது அவரை மட்டுமல்ல என்று அவருக்குத் தெரிந்துவிடும். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பென் டிரைவுக்குப் பாட்டு ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றது. நான் நிறுத்தியிருந்தேன்.

சொன்னேன். ட்யூனிங், வெட்டு, மாற்றிய வரி முடிவு, அவர் பெயரில் சேமித்த செட்டிங், எல்லாம்.

 அதுவரை என்னை உரிமையோடு நீர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "அப்ப சனம் நல்லாயிருக்கு எண்டது உங்கட மெசினையோ?" என்றார்.

 முதல் பாட்டின் வெறும் டேக்கைப் போடச் சொன்னார். போட்டேன். அருளே பொருளே என்று தொடங்கி இரண்டாம் வரியிலேயே சறுக்கியது. மூன்றாம் வரியில் வழி தவறியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன். கண்ணை மூடி, ஊசி போடும்போது பிள்ளைகள் பல்லைக் கடிப்பது போல இருந்தார். முழுவதையும் கேட்டார். நிறுத்தவா என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிறகு ஆறாவதைப் போட்டேன். தண்ணீருக்குக் காத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு. சுருதி ஓரிரு இடத்தில்தான் அசைந்தது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு மூச்சுக்கு இடம் இருந்தது.

"வாய்க்கால் தண்ணி வரம்பிலை நிக்குது,
பிள்ளையாரே... பலகையைத் தூக்கு."

பிள்ளையாரே என்று கூப்பிட்டுவிட்டு அவர் நின்றிருந்தார். ஒரு முழுத் தாளத்துக்கு மேல், ஒன்றுமில்லாமல். அதன் பிறகுதான் பலகை. மதகுப் பலகையைக் கடவுளைக் கொண்டு தூக்கவைக்கிற ஒருத்தி, அவர் தூக்குகிறாரா என்று பார்த்து நிற்கிற நேரம் அது. தவமணி அக்கா கண்ணைத் திறந்தார்.

"உதிலை நான் வேணுமெண்டுதான் நிண்டனான். வெளியிலை விட்ட பாட்டிலை அது எங்கை?"

"வெட்டினனான் அக்கா. தாளத்துக்கு வரேல்லை எண்டு. அதுக்குள்ளை புல்லாங்குழல் போட்டிட்டன்."

"புல்லாங்குழல்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அப்படி ஒரு ஏச்சை நான் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை.

இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்கும்போது ஆளே மாறியிருந்தார். கதிரையை ஸ்பீக்கருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். விரலால் மேசையில் தட்டினார். நல்லாயிருக்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இரண்டாம் சரணம் இழுபடுகிறது, நாலு வரி தேவையில்லை, இரண்டு காணும் என்றார். சரியான கணிப்பு. அந்தப் பாட்டை வெட்டி ஒட்டியவன் நான், எனக்கு அது தெரியவில்லை.

இடையில் இருந்த நாலையும் வரிசையாகக் கேட்டோம். மூன்றாவதில் மெட்டு வீடு திரும்பப் பழகியிருந்தது. நாலாவது முதலாவதைவிட மோசம். அவரே சொல்லிச் சிரித்தார், "அந்த வருசம் வெள்ளம், நெல்லும் இல்லை, பாட்டும் இல்லை." அவ்வளவுதான் சிரிப்பு. என் பக்கம் திரும்பியபோது முகம் பழையபடி இறுகியது. பென் டிரைவில் போட்டதை அழித்துவிட்டு, கை வைக்காத ஆறையும் போடச் சொன்னார். மகளுக்கா என்று கேட்டேன். மகளுக்குப் பிறகு பார்க்கலாம், இது தனக்கு என்றார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ட்யூனிங் போடுங்கள், பாவமில்லை. ஆனால் போட்டதையும் போடாததையும் இரண்டையும் அவர்கள் கையில் கொடுங்கள். ஒருவர் ஏறி வந்த படியை மூடி மெழுகிவிட்டால் தான் ஏறியது அவருக்கே தெரியாது. அழவிடாமல் அனுப்புவது நல்ல மனசுதான். நான் அந்த நல்ல மனசை ஒரு பட்டனில் சேமித்துவைத்து ஆறு வருடம் அழுத்தினேன். சிறி அண்ணை அதைச் சொல்லவில்லை.

அன்று தவமணி அக்கா பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் படிவாசல் வரை போய், மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் இரண்டு படி இறங்கி, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கோயில் ஆக்களிட்டைப் பாட்டுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறன். இனி நான் பிழையாப் பாடினா, பிழை எண்டு சொல்லுவீரோ?"

"சொல்லுவன் அக்கா."

"அப்ப வாறன்."