நிழலுக்கு ஓடாத விரால்

விரால் குஞ்சு விக்கிற தொழில்ல ஒரு சௌகரியம், வித்த சரக்கு திரும்பி வந்து சண்டைக்கு நிக்காது. பொங்கலூர்ப் பக்கம் பண்ணை வெச்சு என்னை மாதிரியே அல்லாடற அன்பர்களே, அதை நம்பித்தானுங்க நாமெல்லாம் தூங்கறோம்.

ஒரே சைஸ்

பெருமாநல்லூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கிற பாய், அவிநாசிப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார். குஞ்சு அத்தனையும் ஒரே சைஸா வேணும்னு பிடிவாதம். எங்க பண்ணையில அதுக்குக் கஷ்டமே இல்லை. வாளியைத் தட்டினதும் பயமில்லாம மேல வந்து தின்கிற மீனைத்தான் தாய்மீனா நிறுத்துவோம். மிரண்டு அடிக்குப் போறது குழம்புக்குப் போயிரும். தலைமுறை தலைமுறையா இப்படித்தான், அதனால குஞ்செல்லாம் ஒண்ணு போலத் தின்னு ஒண்ணு போல வளரும். குஞ்சுகளைப் பார்த்த பாய்க்கு ஏக சந்தோஷம்.

"எல்லாம் ஒரே கட்டிங்ல தெச்ச மாதிரி இருக்குதுங்க."

கரையில ரெண்டு பேர்

சில வருசம் கழிச்சு, அந்தக் குளத்துல வலை போட்டுக் குடும்பம் நடத்தற சுப்பு அண்ணன் என்னை வரச் சொன்னார். குளத்து விரால் ஆள் நிழல் பட்டாலே சேத்துக்குள்ள ஓடிரும். அன்னைக்கு எங்க நிழல் தண்ணியில விழுந்ததும் தலை தலையா மேல வந்துச்சு. சத்தமே இல்லை. வாயைத் திறந்துட்டு எங்களையே பார்த்துட்டு நின்னுச்சு. எங்க பண்ணை மீன் அப்படித்தாண்ணானு சிரிச்சுச் சமாளிச்சேன்.

"நீங்க உட்டதையெல்லாம் எப்பவோ புடிச்சு வித்தாச்சுங்க. இது அதுக குளத்து மீனோட சேர்ந்து இங்கயே பொறந்ததுங்க."

காவல்

விரால் குஞ்சு பொரிச்சா, செக்கச்செவேல்னு ஒரு கூட்டமா மேல திரியும். அடியில தாயும் தகப்பனும் காவல். கிட்ட வந்தது எதுவானாலும் கடிதான். பண்ணையில குஞ்சை நாங்களே பிரிச்சு வளர்க்கறோம், அதனால காவல் காக்கத் தெரிஞ்ச மீனானு யாரும் பார்க்கிறதில்லை.

இந்த வருசம் குளத்துல செவப்புக் கூட்டம் வந்துச்சு. அடியில ஒண்ணும் இல்லை. கொக்குக அவசரமே இல்லாம கொத்திட்டு இருந்துச்சு. மிச்சக் குஞ்சு எங்க கால்கிட்ட வந்து நின்னுச்சு. குஞ்சு தங்கலைன்னா வலையைச் சுருட்டி வெச்சுட்டு ஏதாச்சும் கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போகணும்னு சுப்பு அண்ணன் சொன்னார். அப்புறம் குஞ்சுக நடுவுல கையை விட்டு, ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. எனக்கு அதைப் பார்க்க முடியலைங்க.

"முன்னெல்லாம் கையைப் புடுங்கிருமுங்க. இன்னைக்கு ஒரு கடி கடிச்சிருந்தா நிம்மதியா ஊட்டுக்குப் போயிருப்பனுங்க."

குளத்துல இனி மீன் தானாப் பெருகாதுன்னு தெரிஞ்சதும், வருசா வருசம் எங்கிட்டயே குஞ்சு வாங்கிக்கறதா பாய் சொல்லிட்டாரு; எங்க தொழில்ல இதைத்தான் நிரந்தர கஸ்டமர் கிடைச்சுட்டார்னு சொல்லிக்குவோம்.