அமிர்தம் பார்க்காத மணி

பங்காருபேட்டையில் சின்ன மகன் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் நம் லைனிலிருந்து வந்த ஆள் வாசலிலேயே நின்று, "ஆயா, நம்ம அமிர்தம் காய்ச்சல்ல போயிட்டா" என்றான். என் பேத்திக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

அவளை அறிந்த லைன்காரர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவளோ மெட்ரிக் முடித்து, மிஷன் பள்ளியில் கணக்கும் சயன்சும் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெருமை எனக்கு அடங்காது.

சுரங்கத்தின் அடியிலிருந்து கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் ஏறி இறங்கும் கேஜைத் தூக்குவார்கள். ஈரத்தில் கயிறு ஊறி மரத்தில் சிக்கிக்கொள்ளும். அடிபட்டவனுக்காகக் கீழே இழுத்தது மேலே கேட்காமலே போனதும் உண்டு. அமிர்தம் நூல்கண்டை உருளையாகவும் தம்ளரை மணியாகவும் கட்டித் தொங்கவிட்டு, கயிறு உருளைமேல் ஓட ஒரு வழி கண்டாள். மணி மேடையில் வேலை பார்த்த அவள் அப்பன் அதை இன்ஜினியர் துரையிடம் காட்டினான். துரை அப்படியே மாட்டச் சொன்னார். லேசாக இழுத்தாலே அடித்தது.

செய்தது பெண் என்று தெரிந்ததும் ஷிப்ட் ஆட்கள் இறங்க மறுத்தார்கள். கேஜ் இறங்கும் குழியான சாஃப்ட் வாயில் பெண் வாடை ஆகாது என்பது நம் லைன் வழக்கம். பூசணிக்காய் உடைத்து, மணிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகே இறங்கினார்கள்.

அமிர்தம் கோபிக்கவில்லை. "ஊத்தட்டும் ஆயா. அப்புறம் உருளைக்கு எண்ணெ போடச் சொல்லுங்க, துருப்புடிக்கும்" என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: அது அடிப்பதை ஒரு தடவை கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மேஸ்திரியிடமே கேட்டாள்.

"இன்னாம்மா, நீ வந்து கயிறு அறுந்துட்டா?"

"அறுந்துபோற மாதிரி இருந்தா இப்பவே சொல்லிடறேன், மாமா. அதுக்குத்தான் பாக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வழி மட்டும் விடவில்லை.

இடுகாட்டுக்கு நேர்வழி அந்த சாஃப்டை ஒட்டித்தான் போகிறது. அவள் பாடை அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் நாலு பேர் குறுக்கே நின்று, "பொம்பள பொணம், சுத்திப் போங்க" என்றார்கள். அந்த மணியை நம்பி தினம் இறங்குகிறவர்கள். தூக்கியவர்கள் சுற்றுவழியில் திரும்பினார்கள். சேதி கேட்டு ஓடிவந்து தெருக்கோடியில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தாலே அந்தச் சுற்றுவழி கண்ணில் வந்து, தலை குனிந்துபோகிறது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஆசை ஒன்றுதான். காலில் தெம்பு இருக்கும்போதே சாஃப்டுக்குப் போய், அந்த மணி அடிப்பதைக் கிட்ட நின்று பார்ப்பேன், யார் தடுத்தாலும். கூட வர மனசுள்ள பெண்கள் வாருங்கள்.