முருகானந்தத்தின் சிக்னலும் முப்பத்தேழு பலாப்பிஞ்சும்

கொல்லிமலையில் யார் வீட்டில் இன்டர்நெட் அறுந்தாலும் முதல் திட்டு முருகானந்தத்துக்குத்தான். மழை பெய்தாலும் அவன்தான் காரணம், கரன்ட் போனாலும் அவன்தான் காரணம். போனை மாடு மிதித்திருந்தால்கூட, "ஏனுங்ணா, நெட்டு வரலீங்ணா" என்று இன்னொருத்தர் போனில் இருந்து அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அவனும் பதினெட்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறான்.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கேபிள் டிவி இழுக்க மலையேறி வந்தவன். கேபிள் படுத்துவிட்டது, அவன் படுக்கவில்லை. ரோட்டோரம் வீட்டைக் கட்டிக்கொண்டு, அதுவரை வந்து நின்றுவிட்ட பைபர் லைனைப் பிடித்து, அங்கிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளுக்கு ஆன்டெனா வைத்துக் காற்றிலேயே இன்டர்நெட் அனுப்புகிறான். அதற்கு அவன் வைத்திருப்பதெல்லாம் மலைக்குக் கீழே உள்ள ஆபீஸ்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய ரவுட்டர்கள். கம்பெனிக்காரன் உள்ளே போட்டு அனுப்பிய மென்பொருளை அழித்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பர்ம்வேரை ஏற்றிவிடுவான். அது ஏறிவிட்டால் செத்துக் கிடந்த டப்பாவும் எழுந்து உட்காரும். சேனல், பவர், தூரம் என்று கம்பெனிக்காரன் பூட்டி வைத்ததெல்லாம் திறந்துகொள்ளும். அந்தப் பெருமை அவனுக்குத் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. அந்த முழம் அளவுக்குக் காது மந்தம். நோய் ஒன்றும் இல்லை, அடுத்தவர் சொல்வது ஏறாது, அவ்வளவுதான்.

ஓடைக்கு எதிர்ச்சரிவில் முத்தன் வீடு. மிளகும் மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். அவர் மருமகள் விஜயா பி.காம். படித்தவள். சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை கிடைத்து, பரீட்சார்த்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு லைனில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஐந்து முறை அறுந்தாகிவிட்டது. "திங்கக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் வீடியோவுல பரீட்சை. அன்னைக்கும் அறுந்தா வேற ஆள் பாத்துக்குவோம்" என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் விஜயாவுக்கு இருப்பது ஒரே வழி. நாலு வயசு தனுஷை மாமனாரிடம் விட்டுவிட்டு, அடிவாரத்து நூல்மில் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான். அவளுடைய புருசன் ஏற்கெனவே லாரியில் ஊர் ஊராகப் போகிறவன்.

மூன்றாவது முறை அறுந்தபோதே அவள் தெளிவாகத்தான் சொன்னாள். "ஏனுங்ணா, பைப்புல தண்ணி வர்ற அன்னிக்கு மட்டுந்தானுங்க போகுது. ஒருநாள் விட்டு ஒருநாள். நான் எழுதி வெச்சிருக்கறனுங்க."

முருகானந்தம் சிரித்தான். "அம்மிணி, பஞ்சாயத்துத் தண்ணி பைப்புல வருது. உன்ர நெட்டு காத்துல வருது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நாளும் கிழமையும் பாக்கறதுக்கு இது ஜாதகமா?"

"இல்லீங்ணா, மத்தியானத்துக்கு மேல தானா சரியாயிருதுங்க."

"நான் பாத்துக்கறேன், வையி."

பார்த்தான், நன்றாகப் பார்த்தான். லேப்டாப்பைத் திறந்தால் சிக்னல் எண் மைனஸ் எண்பத்தாறு. அது ஐம்பதுகளில் இருந்தால்தான் பேச்சு நடக்கும், எண்பதைத் தாண்டினால் லைன் செத்த மாதிரி. சேனலை மாற்றினான். பர்ம்வேரில் நாடு எது என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டால் ரவுட்டர் பயந்துபோய்க் கிசுகிசுவென்று பேசும். போய்ப் பார்த்தான், இந்தியா என்று சரியாகத்தான் இருந்தது. சரி, பவரை உச்சத்துக்கு ஏற்றுவோம் என்று ஏற்றினான். ஏற்றியும் விஜயா வீட்டுப் பக்கத்துச் சின்ன ஆன்டெனா சொல்வது இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. இவன் பக்கம் தொண்டை கிழியக் கத்துகிறதே தவிர, பதில் காதில் விழவில்லை. முருகானந்தத்தைப் பார்த்துச் செய்த ரவுட்டர் போலிருக்கிறது.

அந்தப் பர்ம்வேரிலேயே நிமிஷத்துக்கு நிமிஷம் சிக்னல் ஏறி இறங்குவதைக் கோடு போட்டுக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று அதை அவனே எடுத்துப் போட்டிருந்தான். விஜயா பையனுடைய படம் வரையும் நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருந்ததும் அதேதான். அதை அவன் ஒரு தரம்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

ஆன்டெனா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அடிவாரத்துக்குப் பஸ் ஏறினான். எழுபது வளைவு இறங்கி, புது ஆன்டெனா வாங்கிக்கொண்டு, எழுபது வளைவு ஏறி, பின் சீட்டுக்காரர் வாந்தியெடுத்த ஈரச் சட்டையோடு வீடு வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக மொட்டை மாடியில் மாட்டினான். சாயங்காலம் அருமையாக வந்தது. மறுநாள் காலையும் வந்தது. அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பதுக்குப் போய்விட்டது.

"இன்னைக்குத் தண்ணி வந்துச்சுங்ணா" என்றாள் விஜயா போனில்.

"மறுபடியும் தண்ணியா!" என்று எரிந்து விழுந்தான். அவன் மனைவி யமுனா அப்போது கீழே மோட்டார் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வேண்டும் என்று ஆறு மாசம் நச்சரித்து, போன மாசம்தான் வைக்க வைத்திருந்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ள என்னமோ சொல்லுதே, காது குடுத்துத்தான் கேளுங்களேன்" என்றாள் அவளும். அவனா கேட்பான்?

சனிக்கிழமை நேராக முத்தன் வீட்டுக்கே போனான். வாசலில் நின்றுகொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நடுவில் முற்றத்துப் பலாமரத்தின் ஒரு கிளை, இலையும் பிஞ்சுமாகத் தாழ்ந்து தொங்கியது. கண்டுபிடித்துவிட்டான்!

"பெரியப்பா, இந்தக் கொப்புதான் மறைக்குது. போன வருசம் இவ்வளவு தழை இல்லை. வெட்டிருங்க."

முத்தன் அதிகம் பேசமாட்டார். கிளையை அண்ணாந்து பார்த்தார். "பிஞ்சு புடிச்சிருக்குது, சாமி. காய்க்கிற மரத்துல எப்பிடிக் கத்தி வெக்கறது?"

"மரம் வேணுமா, மருமக வேல வேணுமா?" என்று கேட்டுவிட்டான் முருகானந்தம். நாக்கில் எலும்பில்லாதவன்!

முத்தன் அவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற விஜயாவையும், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த பையனையும் பார்த்தார். அவள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தார். மறுநாள் ஞாயிறு மத்தியானம் கிளை விழுந்தது. கூடவே முப்பத்தேழு பிஞ்சு. முத்தன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். வெட்டின இடத்தில் பால் வடிந்துகொண்டே இருந்தது.

சிக்னல் மைனஸ் ஐம்பத்தாறு. "பாத்தயா அம்மிணி? இனி அறுந்துதுன்னா என்னைக் கேளு!" என்று மார் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்குத் தண்ணீர் வராத நாள்.

திங்கள் காலை எட்டரைக்குத் தண்ணீர் வந்தது. ஒன்பதுக்குப் பரீட்சை தொடங்கியது. ஒன்பது பத்துக்கு லேப்டாப்பில் எண் எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்தைந்து என்று சரிந்தது. முருகானந்தத்துக்கு ரத்தம் கொதித்தது. சனியன் பிடித்த பர்ம்வேர்தான், வேறென்ன? அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடுவோம் என்று பட்டனில் விரலை வைத்தான். அழித்து ஏற்ற அரை மணி நேரம். அதற்குள் பரீட்சை ஊத்திக்கொள்ளும் என்பதுகூட அந்தக் கோபத்தில் தோன்றவில்லை.

போன் அடித்தது. விஜயா. அவள் குரலில் அழுகை இல்லை, அதட்டல் இருந்தது.

"அண்ணா, எதையும் தொடாதீங்க. பத்து நிமிசத்துக்குள்ள திரும்ப வந்தாச் சேத்துக்கறாங்களாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. கொப்பு போனதும் உங்கூடு இப்ப நல்லாத் தெரியுதுங்க. உங்க ஆன்டெனா மட்டும் எங்கண்ணுக்குத் தெரியலீங்க. டேங்குதான் தெரியுது. தண்ணி ரொம்பி வழியுது."

"டேங்க் வெச்ச அன்னைக்கே செக் பண்ணிட்டேன் அம்மிணி! பிளாஸ்டிக்குல சிக்னல் ஊடால பூந்து..."

பாதியில் நின்றுவிட்டான். டேங்க் வைத்த அன்று அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை. காலி பிளாஸ்டிக்கில் சிக்னல் புகுந்து போகும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் அது சுவர். மத்தியானத்துக்குள் யமுனா துவைத்து, கழுவி, பாதியைக் காலி செய்ததும் சுவர் இறங்கிவிடும், லைன் வந்துவிடும். இத்தனை நாளாக அந்தப் பெண் சொன்னது இதைத்தான்.

மாடிக்கு ஓடினான். ஆன்டெனா மாட்டிய பைப்பைக் காங்கிரீட்டில் புதைத்திருந்தான், போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. கொறட்டால் கட்டுக்கம்பியை வெட்டி ஆன்டெனாவைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி இடதுபக்கம் நகர்ந்தான். ஒயர் அதற்கு மேல் எட்டவில்லை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முத்தன் வீட்டைப் பார்த்து நின்றான். கீழே யமுனா லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினாள். "அம்பத்தேழு! அசையாதீங்க!"

ஒன்பது பதினேழுக்கு விஜயா மறுபடி பரீட்சைக்குள் போனாள்.

பத்தரை மணி வரை முருகானந்தம் அப்படியே நின்றான், சாமி ஊர்வலத்தில் குடை பிடிப்பவனைப் போல. கை மரத்தது. வெயில் ஏறியது. சட்டைப்பையில் போன் பதினோரு தரம் அடித்தது, பதினோரு பேரும் மனசுக்குள் என்ன திட்டினார்களோ. எடுத்து எதிர்த்துக் கத்தக்கூட வழியில்லை. எதிரே, நேர் எதிரே, பலாமரத்தில் வெட்டின இடம் வெள்ளையாகத் தெரிந்தது. வேறு எங்கே பார்க்கலாம் என்றாலும் தலையைத் திருப்ப முடியவில்லை. திருப்பினால் ஆன்டெனாவும் திரும்பிவிடும். ஒன்றே கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நாலடி. அந்த மரத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம், நாலடி தள்ளி வைத்திருந்தால் போதும். அவனுக்கு அவன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

விஜயாவுக்கு வேலை உறுதியானது. சாயங்காலம் அவள் போன் செய்து சொன்னபோது, "சந்தோசம் அம்மிணி" என்றதோடு நிறுத்திக்கொண்டான். யமுனா ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு ஓடையைத் தாண்டி முத்தன் வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தவன், போனதும் நேராகச் சொல்லிவிட்டான்.

"பெரியப்பா, கொப்பு மேல தப்பில்லீங்க. எங்கூட்டு டேங்குதான். சும்மா வெட்ட வெச்சுட்டேன்."

முத்தன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தெரியும், சாமி. தண்ணி வர்ற அன்னிக்குத்தான் போகுதுன்னு விசயா எங்கிட்டயும் சொல்லுச்சு. வெட்டறப்பக்கூட வாயெடுத்துச்சு. மிஷினு உன்னுது, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்குமின்னு நாந்தான் அவளைப் பேச வுடலை."

அவன் திரும்பிப் போகப் பார்த்தான்.

"சாப்புட்டுட்டுப் போ" என்றார் முத்தன்.

உட்கார்ந்தான். விஜயா தட்டில் சாமைச் சோற்றைப் போட்டு, மேலே பலாப்பிஞ்சுக் குழம்பை ஊற்றினாள், பக்கத்தில் பலாப்பிஞ்சுப் பொரியல் வைத்தாள். முருகானந்தம் ஒரு வாய் வைத்தான். நன்றாகத்தான் இருந்தது.

"இன்னும் போட்டுக்க" என்றார் முத்தன், கூடையைப் பார்த்துக்கொண்டே. "முப்பத்தேழு இருக்குது."