ஓடைக்குப் போகும் தடம்

இடஒதுக்கீடு கேட்டுக் கீழே மறியல் நடக்கிறது. கள்ளக்குறிச்சிச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் பஸ் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் ஒருவர் சட்டை நனைய நடந்தே ஏறி வருகிறார். இங்கே சுற்றுலா விடுதி கட்டப்போகும் கம்பெனியின் மேனேஜர்; பல வருஷமாக ஓட்டல்களில் விருந்தினரைக் கவனித்தவர். ஊராரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேச இன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம். அடிவாரம் வரை சைக்கிளில் வந்திருக்கிறார். இந்த நிலைமையில் அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பலா மரத்தடியில் வரைபடத்தை விரிக்கிறார். பத்துப் பேர் கூடுகிறார்கள். வெள்ளையம்மாள் என்ற பெண் குனிந்து விரலை வைக்கிறாள்.

“இந்தக் கோடு இன்னாங்க?”

“சுத்துச்சுவருங்கம்மா.”

“இந்தத் தடத்துலதான் ஓடைக்குப் போய்க்கினு இருக்கோம். எங்களுக்கும் மாட்டுக்கும் வேற வழி கிடையாது.”

“கேட் வெச்சிடலாங்க.”

“கேட்டுன்னா பூட்டுவீங்க. அப்புறம் தண்ணிக்கு உங்க வாட்ச்மேனைக் கெஞ்சணும்.”

மேனேஜர் அவளோடு ஓடை வரை நடந்து பார்த்துவிட்டு வருகிறார். பென்சிலால் அந்தக் கோட்டை அடித்து, தடம் வெளியே இருக்கும்படி சுவரைத் தள்ளி வரைகிறார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை ஊரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பொழுது சாய்கிறது. “எங்க வூட்டுல தங்கிட்டுப் போங்க” என்கிறாள் வெள்ளையம்மாள். எனக்கும் அவருக்கும் சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு. சாப்பிட்டதும் அவர் தட்டைக் கழுவ எழுகிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள்.

“விருந்தாளி சும்மா இருங்க.”

இத்தனை வருஷம் பிறரை உபசரித்தே பழகிய மனிதர், ஈரக் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.