வெப் டிசைன் வைத்த ஜாக்கெட்

நான் வெப் டிசைனர் ஆகப்போகிறேன் என்ற செய்தியை வளப்பூர் நாடு என்று சொல்லும் எங்கள் மலையூர்களில் பரப்பியது என் வீட்டுக்காரர்தான். டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள், "ஏனுங்க, உங்கூட்டுல இப்ப தையல் இல்லீங்களா?" என்று. இவர், "இப்பெல்லாம் டிசைன் வேலைதானுங்க, வெப் டிசைன்" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட மிளகு நனைந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டார். முழுசாகச் சொல்ல அவருக்கும் தெரியாது. தெரியாததை அரைகுறையாகச் சொல்வதில் மட்டும் மனிதர் கெட்டிக்காரர்.

அடுத்த சில நாட்களில் என் வீட்டு வாசலில் பட்டுத்துணிப் பைகள் வர ஆரம்பித்தன. பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்த மலையில் ஜாக்கெட் தைத்தவள் நான். பானைக் கழுத்து, படகுக் கழுத்து, முதுகில் நாடா வைத்தது, குஞ்சம் வைத்தது என்று எல்லாம் இவர்களுக்கு நான் பழக்கியதுதான். அந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஏங்கண்ணு, அந்த வெப் டிசைனை முதுகுல வெக்கறதா, கையில வெக்கறதா?" என்று ஒரு பெண் கேட்டார்.

நான் உட்காரவைத்து விளக்கினேன். செல்போனில் ஒரு கடையின் பெயரைத் தட்டினால் படம், விலை, விலாசம் எல்லாம் வருகிறதே, அந்தப் பக்கத்தை ஒருத்தர் உட்கார்ந்து செய்ய வேண்டும், அந்த வேலைதான் இது என்றேன். கடைசி வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி. லைனிங் துணி நான் எடுத்தாரோணுமா, நீயே போட்டுக்கறயா?" என்றார். லைனிங் துணியை நானே போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது.

ஏன் தையலை விட நினைத்தாய் என்று கேட்பவர்களுக்குக் கழுத்து வலி என்று சொல்லிவைத்திருந்தேன். ராசிபுரத்தில் ரெடிமேடு ஜாக்கெட் வந்துவிட்டது என்றும் சொல்வேன். இரண்டும் பொய்யில்லை. உண்மையான காரணம், எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட, "நான் கொஞ்சம் குண்டாயிட்டேனுங்க" என்று ஒத்துக்கொண்டதில்லை. நான் தைத்த ஜாக்கெட்டெல்லாம் பீரோவுக்குள்ளேயே தானாகச் சுருங்கிப்போனதாகத்தான் கணக்கு. சோறு போட்ட தொழில் அலுத்துவிட்டது என்று வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பெண் நர்சிங் படிக்க நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போனபோது, பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போனாள். புதுக் கட்டிங் ஏதாவது பார்க்கலாம் என்று அதைத் திறந்தவள், எப்படியோ வெப்சைட் செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வீடியோவுக்குள் போய்விட்டேன். அந்த ஆள் சொன்னபடி ஒரு வரி அடித்தேன். திரையில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது. நிறத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பிடிக்கவில்லை, பழையபடி ஆக்கினேன். அங்கேதான் நான் விழுந்தேன். துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் வெட்டினதுதான். இதில் வெட்டியதை ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே என்று கோபம்கூட வந்தது.

சுலபமாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். எங்கேயோ விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியைத் தேடி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். "கழுத்து வலின்னு மிஷினை உட்டுப்போட்டு, இப்ப அதே கழுத்தை இங்க ஒடிச்சுக்கறயே புள்ள" என்று வீட்டுக்காரர் பின்னால் நின்று சிரிப்பார். அவர் சிரித்தாலும் அவருக்குள் ஒரு கவலை இருந்தது. சோளக்காடு என்கிற பக்கத்து ஊரில் ஒரு பெண் புதிதாகத் தையல் கடை போட்டிருந்தாள். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே பஸ் ஏற ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நான் ஒண்ணும் வேண்டாங்கல. இந்த மொளகுப் பறிப்பு முடியறதுக்குள்ள ஒருத்தராச்சும் உன்னைய நம்பி வேலை குடுத்து, நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். இல்லீன்னா மிஷினுக்கு எண்ணெய் போட்டுரு. இருக்கற நாலு பேரும் போயிட்டா அப்புறம் திரும்பி வரமாட்டாங்க."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. "சரி" என்றேன். மறுபடி மிஷினில் உட்கார்ந்து, சுருங்கிய ஜாக்கெட் கதைகளைக் கேட்டுக்கொண்டு கிழவியாகப் போகும் என்னை நினைத்துப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வேலை வந்த வழிதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் மிளகு போடும் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதன் தலைவி, தன் மகள் கல்யாணத்துக்கு 'வெப் டிசைன்' வைத்த ஜாக்கெட் வேண்டும் என்று பட்டுத்துணியோடு வந்தார். விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துப்போயிருந்தது. ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைத் திறந்து, பழகுவதற்காக நான் செய்திருந்த ஒரு கற்பனை மரவள்ளிக்கிழங்குக் கடையைக் காட்டினேன். கிழங்குப் படத்தைத் தொட்டால் பெரிதாகும், விலை வரும். தலைவி அதை மூன்று தடவை தொட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல கெழங்குக்குப் பதுலா மொளகு வெக்க முடியுமா?"

முடியும் என்றேன். அவர் கஷ்டத்தைச் சொன்னார். கீழே ஊர்களிலிருந்து மிளகு கேட்டுப் போன் வருகிறது. எந்த வீட்டில் எவ்வளவு காய்ந்து தயாராக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போனை எடுத்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். எல்லார் வீட்டு மிளகும் ஒரே இடத்தில் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும். "அடுத்த கூட்டத்துல எல்லாத்துக்கும் காட்டு. புடிச்சுதுன்னா வெச்சுக்கலாம்" என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி, "அந்த ஜாக்கெட்டையும் அப்படியே தெச்சு வெச்சுரு சாமி" என்றார். தைத்துக் கொடுத்தேன்.

தையலில் அளவு ஜாக்கெட் இல்லாமல் நான் கத்தரியைத் தொடமாட்டேன். அதே பழக்கத்தில் குழுவினரிடம், உங்களுக்குப் பிடித்த வெப்சைட் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டேன். ஒருவர் நகைக்கடை அனுப்பினார். ஒருவர் தன் பேரன் பிறந்தநாள் போட்டோ அனுப்பினார். அளவு எடுக்காமலே தைக்க வேண்டியதாயிற்று.

குழுவில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில் உள்ளே போய்த் தன்னிடம் இருக்கும் மிளகை எழுதவேண்டும், வாங்குபவருக்கு மொத்தமும் தெரியும். இதுதான் ஏற்பாடு. எல்லாம் தமிழில் செய்தேன். ஆங்கிலத்துக்கு வெட்டிய பட்டனில் தமிழ் நுழையாது, கொக்கி தெறிக்கும். அதனால் சின்னச் சின்ன வார்த்தையாகத் தேடி வைத்தேன். எழுதி முடித்தவர் அந்தப் பக்கத்தை விட்டு வர ஒரு சிவப்புப் பட்டன் வேண்டும். மற்ற வெப்சைட்டுகளில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'வெளியேறு' என்றிருந்தது. ஒரே வார்த்தை, பட்டனுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அதில் பெருமைகூட.

கூட்டம் ரோட்டோரத்தில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பாய் விரிக்க ஆள் வேண்டுமே என்று என் வீட்டுக்காரரும் வந்து, பாய் விரித்து முடித்த பிறகும் கதவோரம் நின்றுகொண்டார். அவரவர் போனில் திறக்கச் சொன்னேன். தங்கள் பெயரைப் பார்த்ததும் பெண்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

குழுவில் ஒரு அக்கா உண்டு. அவருக்கு மிளகுக்கொடியும் அதிகம், வாயும் அதிகம், என்னிடம் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்ததும் அவர்தான் அதிகம். தன் பெயருக்கு நேராக, இருக்கும் மிளகைவிடக் கொஞ்சம் கூட்டியே எழுதினார். பிறகு போனைத் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"வெ, ளி, யே, று."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆரைங்கண்ணு வெளியேறுங்கற?"

"உங்களை இல்லீங்கக்கா. அது பட்டன்."

"பட்டனுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது ஆரு?"

"நானுங்க."

"அப்ப நீதான சொல்ற."

அக்கா எழுந்தார். பையை எடுத்து இடுக்கிக்கொண்டார். "வெளியேறுன்னு சொன்னதுக்கப்புறமும் உக்காந்திருந்தா எனக்கென்ன மரியாதை?" என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே வெளியேறி, எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பேங்குல, ஆபீசுல, எல்லா எடத்துலயும் அப்படித்தானுங்க போட்டிருக்குது" என்று கத்தினேன்.

தலைவி நிதானமாகச் சொன்னார், "பேங்குல சொல்லுவாங்க கண்ணு. நம்ம எப்பப் போவோம்னுதான் அவிங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க. நீ சொல்லலாமா?"

யாரோ சமாதானமாக, "வெளியேறுங்கள்னு மாத்திரலாமே" என்றார்கள். "அது மரியாதையாத் தொரத்தறது" என்றது இன்னொரு குரல்.

ஒன்றிரண்டு பேர் போனைப் பைக்குள் வைத்தார்கள். கதவோரம் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர், அப்போது கேலிக்குப் பதிலாகக் கதவோரப் பாயைச் சுருட்டக் குனிந்தார். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. பறிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. இந்தக் கூட்டம் வேண்டாம் என்று எழுந்து போனால் நாளைக்கு மிஷினுக்கு எண்ணெய்தான்.

ஜாக்கெட்டில் குறை சொல்லி யாராவது வந்தால், "அளவு ஜாக்கெட்டுல அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. எங்கள் பக்கம் யாரும் யாருடைய வீட்டிலிருந்து கிளம்பினாலும், பகையாளி வீடாகவே இருந்தாலும், போறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் வாயில் அடிப்பார்கள். அப்படிப்பட்டவர்களை நான் சிவப்பு நிறத்தில் விரட்டியிருக்கிறேன்.

பாயில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் இழுத்தேன். 'வெளியேறு' என்பதை எடுத்துவிட்டு, 'போயிட்டு வாரேன்' என்று அடித்தேன். நினைத்தபடியே உள்ளே நுழையவில்லை, இரண்டாவது வார்த்தை கீழே பிதுங்கியது. ஆனால் தையல்காரி புத்தி, எதிலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத்தான் வைப்பேன். பட்டனைப் பிரித்து அகலமாக்கினேன். மாற்றியதை வெப்சைட்டில் ஏற்ற ஜன்னலோரம் போனால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினேன். ஏறுகிறேன் ஏறுகிறேன் என்று அது சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் எழுந்து வந்து என் பின்னால் நின்று, அது சுற்றுவதையே பார்த்தார்கள்.

ஏறியதும் ஜன்னல் வழியாகக் கத்தினேன். "அக்கா, ஒருக்கா தொறந்து பாருங்கக்கா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போனை எடுத்தார். ஜன்னல் முழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தள்ளிப் பிடித்துப் படித்தார், உதடு அசைந்தது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். பஸ் எங்களுக்கு அவரை மறைத்து நின்றது. போய்விட்டார் என்றே நினைத்தேன். பஸ் நகர்ந்தபோது அக்கா ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கூடத்துக்குள் வந்து, பழைய இடத்தில் பாயில் உட்கார்ந்து, பையைக் கீழே வைத்தார்.

"என்னக்கா, திரும்பி வந்துட்டீங்க?" என்று தலைவி கேட்டார்.

"வாரேன்னு சொல்லிட்டனில்ல?" என்றார் அக்கா, எரிச்சலாக.

கூடம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொருவரும் அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், அழுத்திவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள். "அப்ப இதையே வெச்சுக்கலாமில்ல?" என்று தலைவி கேட்டதற்கு எல்லாரும் கை தூக்கினார்கள். கதவோரம் வீட்டுக்காரரும் தூக்கினார். அவர் குழுவில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா மட்டும் தூக்கிய கையை இறக்காமல் யோசித்தார்.

"இருங்க இருங்க. இவ இந்த வேலைக்கே போயிட்டா, இனி நமக்கெல்லாம் ஜாக்கெட் ஆரு தெக்கறது?"

கைகள் மெல்ல இறங்கின. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொழில் மாறிவிட்டேன் என்று வாய் வலிக்கச் சொல்லியும் நம்பாதவர்கள், அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றாக நம்பினார்கள். முகமெல்லாம் வாடிப்போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் வந்தது.

"தெக்கறது நானில்லீங்கக்கா" என்றேன்.