மாஸ்க்குக்குள் இன்னொரு வாய்

இதைச் சொல்லும்போது குழந்தைவேலுவின் முகத்தில் பயம் தெரியவில்லை. பேச்சின் நடுவில் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலு வார்த்தை சொன்னார். மறுபடி எழுந்து போனார். கட்டுக்கதை அளக்கிறவனுக்குக் குரல் நடுங்கும், கண் விரியும். ஆனால் குமட்டாது. இது நடந்ததுதான் என்று நான் நம்புவதற்கு அந்தக் குமட்டல் ஒன்று போதும். சாப்பிட்ட கையோடு இதைப் படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில்.

குழந்தைவேலுவுக்கு அந்தமானில், மாயாபந்தர் டீசல் பவர் ஹவுஸில் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, இட்லியை விழுங்கிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் பிற்பகல்வரை தூக்கம். மனைவி பவானி ஸ்கூல் டீச்சர். ஒரே மகள் மெயின்லேண்டில் படிக்கிறாள். அதனால் பகலில் அந்த அரசாங்கக் குவாட்டர்ஸில் அவரைத் தவிர யாரும் கிடையாது.

கனத்த உடம்பு அவருக்கு. குறட்டை தெருமுனைவரை கேட்கும். அதை வைத்து ஊரே கேலி செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை டியூட்டி முடிந்து வரும்போது ஸ்கூட்டர் ஓட்டியபடியே தூங்கிப்போய் சாக்கடையில் விழுந்தார். அன்றோடு கேலி நின்றது. பவானி அவரை போர்ட் பிளேருக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி, ஸ்லீப் ஆப்னியா என்றார் டாக்டர். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று டெஸ்டில் வந்தது.

“இப்படியே விட்டீங்கன்னா ஒரு நாள் படுத்தவர் எந்திரிக்க மாட்டீங்க” என்றார்.

அதற்காக வாங்கியதுதான் சிபாப் மெஷின். சீல் உடைக்காத புதுப் பெட்டி. அறைக் காற்றை இழுத்து, குழாய் வழியாக முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்குள் அழுத்தமாக ஊதும். தொண்டை மூடிக்கொள்ளாது.

முதல் சில வாரம் நரகம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். மெஷின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மாஸ்க் ஓரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். விழுங்கிய காற்றெல்லாம் வயிற்றில் நிறைந்து, எழுந்ததும் புளித்த ஏப்பமாக வரும். தூக்கிக் கடாசிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

மெஷின் விற்ற கடைப் பையன் தினேஷ்குமார்தான் போனிலேயே வழி சொன்னான். “டென்ஷன் மத் லோ சார், கவலைப்படாதீங்க. ப்ரெஷரை ஏழுலேர்ந்து பன்னண்டுக்குள்ள கட்டிப் போடுவோம். ஈரப்பதம் மூணுல வைங்க. முக்கியமா மல்லாந்து படுக்காதீங்க. இடப் பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, வயித்துக்கும் நல்லது.”

பவானி பழைய பனியனின் முதுகில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மல்லாந்தால் குத்தும். இடப் பக்கம் என்றால் அவர் கட்டிலில் அது சுவர்ப் பக்கம். முகத்தைச் சுவருக்குக் காட்டி ஒருக்களித்தார்.

மந்திரம் போட்டதுபோல் இருந்தது. முப்பத்தெட்டு நாலானது. தலைபாரம் போயிற்று. பல வருஷம் கழித்து மனுஷன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

ஒரு வாரம் ஆனது. அப்புறம் ஆரம்பித்தது அந்த நாற்றம்.

முதலில் லேசாகத்தான். மாஸ்க் மாட்டிக் கண்ணை மூடியதும் வரும். ரப்பர் வாடை இல்லை, மருந்து வாடை இல்லை. வாய் நாற்றம். பல் தேய்க்காத வாயில் ஊறிய வெற்றிலையும் ஜர்தாப் புகையிலையும், அதற்கடியில் செத்த எலி மாதிரி ஏதோ ஒன்றும். குழந்தைவேலு வெற்றிலை போடுகிறவர் இல்லை.

தன் வாய்தான் என்று நினைத்து நாக்கை வழித்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். மாஸ்க்கையும் குழாயையும் சோப்புப் போட்டு ஊறவைத்து வெயிலில் காயப்போட்டார். கழுவிய மாஸ்க்கை முகர்ந்தால் ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினால்... வந்துவிடும். யாரோ மூக்கோடு மூக்கு வைத்து ஊதுகிற மாதிரி.

எழுந்தால் மாஸ்க்கின் உள்பக்கம் ஈரம். குழாயில் தண்ணீர் கோர்ப்பது சகஜம் என்று தினேஷ்குமார் சொல்லியிருந்தான். இது தண்ணீர் இல்லை. விரலில் தொட்டு இழுத்தால் நூல் விட்டது. லேசான சிவப்பு. அது அவர் தாடையிலும் வழிந்து காய்ந்திருந்தது.

ஈறில் ரத்தமோ என்று பல் டாக்டரிடம் காட்டினார். ஈறு நன்றாக இருந்தது.

தினேஷ்குமார் புது மாஸ்க் அனுப்பினான். முதல் நாளே அதிலும் அதே நாற்றம். மறுபடி போன் போட்டார்.

“சார், மெஷின் தானா காத்து உண்டாக்காது. ரூம்ல இருக்கிறதைத்தான் இழுத்துக் குடுக்கும். பின்னாடி ஃபில்டர் இருக்கு பாருங்க. கழட்டுங்க.”

கழற்றினார். போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத வெள்ளைப் பஞ்சு, காவிக் கறையோடு சொதசொதவென்று இருந்தது. சுவரில் துப்பிய வெற்றிலைச் சாறு போல. அந்தக் கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். மத்தியானம் அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. ஸ்பூன் எடுத்துக்கொண்டார்.

“மெஷினே வேணாங்க” என்றாள் பவானி.

“இல்லாம தூங்கினா டாக்டர் சொன்னது நடக்கும்டி.”

“இருந்தா இது நடக்குதே.”

மெஷினைக் கட்டிலின் கால்மாட்டுக்கு மாற்றிவைத்தார். ஃபில்டரை மாற்றினார். மாஸ்க்கில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் விட்டார். அன்று யூகலிப்டஸ் போட்ட பிணம் மாதிரி நாறியது.

ஒரு சனிக்கிழமை. பவானிக்கு அரை நாள் ஸ்கூல். மத்தியானம் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதே படுக்கையறையிலிருந்து குறட்டைச் சத்தம். கனமான குறட்டை. நடுவில் நின்று... தொண்டையில் சளி உருண்டு... மறுபடி தொடங்குகிற குறட்டை.

தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள்.

பாத்ரூம் கதவு திறந்தது. ஈரத் தலையோடு குழந்தைவேலு வெளியே வந்தார்.

குறட்டை நிற்கவில்லை.

இருவரும் நடுவீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே அது இன்னும் இரண்டு தடவை இழுத்தது. அப்புறம் ‘களக்’ என்று எதையோ விழுங்கியது. அடங்கிவிட்டது.

அறையில் யாருமில்லை. மெஷின் அணைந்து கிடந்தது. தலையணையின் சுவர்ப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சிவப்பாக.

அன்றே வீட்டைவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குவாட்டர்ஸ் மாற்றிக் கேட்டால் சும்மா கொடுத்துவிடுவார்களா? பேய் என்று மனு எழுத முடியுமா? அன்று ராத்திரி அவருக்கு டியூட்டி இல்லை, இரண்டு பேரும் ஹாலில் படுத்தார்கள். தரையில் மெஷின் இல்லாமல் படுத்த குழந்தைவேலு அன்று மூன்று தடவை மூச்சு முட்டி அலறி எழுந்தார். பவானி விடியவிடிய அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை டியூட்டி முடிந்து வந்தவருக்குக் கண் சொருகியது. ஹாலில் ப்ளக் பாயின்ட் கிடையாது. பவானி ஸ்கூலுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம்தானே, பகல்தானே என்று கட்டிலுக்கே போனார். மாஸ்க்கை மாட்டினார். பந்து முதுகில் குத்தியது. சுவர்ப் பக்கம் திரும்பினார்.

ஆச்சரியம். நாற்றமே இல்லை. தூங்கிப்போனார்.

உச்சி வெயில் நேரத்தில் விழிப்பு வந்தது. உடம்பெல்லாம் வியர்வை. கண்ணைத் திறக்காமலே காரணம் புரிந்தது. ஃபேன் ஓடவில்லை. கரன்ட் போய்விட்டது. பவர் ஹவுஸ்காரர் வீட்டிலேயே கரன்ட் இல்லை என்று நினைத்து அரைத் தூக்கத்தில் சிரிப்பும் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

கரன்ட் இல்லை. மெஷின் ஓடாது.

மாஸ்க்குக்குள் காற்று வந்துகொண்டிருந்தது.

மெஷின் காற்று சீராக வரும். சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. வந்தது... நின்றது. வந்தது... நின்றது.

மூச்சு.

கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. கண்ணைத் திறக்கப் பார்த்தார். இமை ஒட்டிக்கிடந்தது.

நாற்றம் இப்போது வந்தது. மொத்தமாக.

உதட்டில் ஏதோ பட்டது. ஈரமாக. தடிப்பாக.

அது அவர் உதட்டைப் பிரித்தது.

அதன் பின்னாலேயே சின்னச் சின்னதாக... வழுவழுவென்று... ஊறி உப்பிய ஏதோ. நாக்கின்மேல் விழுந்தது. ஒன்று. இரண்டு. அப்புறம் ஒரு வாய் நிறைய.

புளித்திருந்தது.

தொண்டைக்குள் உருண்டது. அவர்...

விழுங்கிவிட்டார்.

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, தவழ்ந்து, வாசலைத் தாண்டி முற்றத்தில் போய் வாந்தி எடுத்தார். காலையில் தின்ற இட்லி வந்தது. அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாக அரிசி. வேகாத அரிசி. பல நாள் தண்ணீரில் கிடந்தது போல் பெருத்து, சிவப்புச் சளியில் கோர்த்து, கை நிறைய.

திறந்த கதவு வழியாக, கட்டிலில் கிடந்த மாஸ்க்கிலிருந்து குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

பவானி வந்தபோது அவர் முற்றத்துப் பைப்படியில் வாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். உதடு கிழிந்திருந்தது. தரையில் கிடந்ததைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க... இது பச்சரிசி. நம்ம வீட்ல பச்சரிசி வாங்கியே மூணு மாசம் ஆச்சே.”

அதற்கு மேல் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இல்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பவானியோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டில் தங்கினார்கள். இரண்டு வாரத்தில் வாடகைக்கு வேறு வீடு பார்த்து, சாமான் எடுக்க டெம்போ கொண்டுவந்தார்கள். அதற்குள் வேறு மெஷினும் வாங்கியாகிவிட்டது. புது வீட்டில் அதே ப்ரெஷர், அதே ஈரப்பதம், அதே இடப் பக்கம். நாற்றம் இல்லை. நிம்மதியான தூக்கம்.

டெம்போவில் பீரோவை ஏற்றும்போது எதிர் குவாட்டர்ஸ் அழகர்சாமி கை கொடுக்க வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலை. அந்த லைனில் பத்து வருஷமாக இருப்பவர்.

“க்யா தம்பி, ஏக்தம் மொத்தமா காலி பண்ணீட்டீங்க?”

குழந்தைவேலு பீரோவை டெம்போவுக்குள் தள்ளினார். “எங்களுக்கு முன்னாடி இங்க யாருண்ணே இருந்தது?” என்று மட்டும் கேட்டார்.

“குருநாதன் சார். தனி ஆளு. குடும்பமெல்லாம் மெயின்லேண்ட்ல. நல்ல மனுஷன், என்ன, எந்நேரமும் வாயில வெத்தலை. ஒரு நா படுத்தவரு எந்திரிக்கலை. மறுநா சாயங்காலம்தான் கதவை உடைச்சோம். உள் ரூம்ல, நீங்க கட்டில் போட்டிருந்த அதே சொவத்துல முதுகை ஒட்டி, ரூமைப் பாத்து ஒருக்களிச்சுக் கெடந்தாரு. வாயி ஆன்னு திறந்திருந்துச்சு.”

பவானி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒடம்பு கட்டையா வெறச்சுப்போச்சு தம்பி. நாலு பேரு சேந்தும் மல்லாத்த முடியலை. கப்பல் இல்ல, ஃப்ளைட் டிக்கெட் இல்ல, வீட்லேர்ந்து யாரும் வந்து சேர முடியலை. ‘நீங்களே பாத்துக்குங்க’ன்னு போன்ல அழுதுட்டாங்க. நாங்க லைன்காரங்கதான் எல்லாம் செஞ்சோம். ஒருக்களிச்ச வாக்குலயே பாடையில வச்சு, வாய்க்கரிசியும் நாங்கதான் போட்டோம்.”

அழகர்சாமி நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார்.

“ஒரு மணி அரிசிகூட உள்ள தங்கலை தம்பி. போடப் போட, பக்கவாட்டுல எச்சியோட வழிஞ்சு கொட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் மட்டும் மூணு வாட்டி போட்டேன். எவனாச்சும் எதுக்க படுத்திருந்தா, அத்தனையும் அவன் வாய்லதான் விழுந்திருக்கும்.”