மல்லிக்கு ஒரு கல்

அது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சடையனும் மகள் மருதாளும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து துவரங்காய் உரித்தார்கள். வீட்டுக் கொல்லையில் பறித்த காயை அப்படியே உரிக்க முடியாது. எல்லாக் காயின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உரிக்க வேண்டும். மருதாள் துடைத்துத் தந்தாள், அவர் உரித்தார். நாலு காய் உரிப்பார், இருமுவார், மறுபடி உரிப்பார்.

“போன வருசம் இம்புட்டுப் பொடி இல்லியேப்பா.”

“போன வருசம் காயே இல்லியே அம்மணி. படியறதுக்கு எடமில்லாமப் பொடி தவிச்சுப்போச்சு.”

பக்கத்து வீட்டு வாசலில் இருந்து சடையனின் அக்கா ரங்கம்மாள் குரல் கொடுத்தாள். “ஏண்டா சடையா, மக வந்தா மட்டும் உனக்குக் கை நீளுதா? நேத்துப் பூரா சுருண்டு கெடந்தியே.”

“ஆஸ்பத்திரி நர்சு தோத்தா போ உங்கத்தைகிட்ட” என்றார் சடையன்.

உரித்ததை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றார்கள். மீதியை ஒரு தூக்குப்போசியில் போட்டு மகளிடம் கொடுத்தார். பொழுது சாயும் முன் அவள் பஸ் ஏறிவிட்டாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு வேலையும் செய்யவில்லை. மாசியில் சடையன் இறந்துபோனார்.

வேங்கைப்பதி என்பது கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பு. சடையன் பிறந்ததும் மல்லியைக் கட்டியதும் அங்கேதான். தேன் எடுத்தார். காட்டிலாகா மரம் வெட்டுகிற கூப்பில் கட்டை சுமந்தார். மேட்டுக்காட்டில் ராகியும் துவரையும் போட்டார். பதியில் அவருக்கென்று ஒரு பொறுப்பும் இருந்தது. அவர் மண்ணுக்காரர் வழி. வருசத்தின் முதல் விதையைப் போடுபவர். இறந்தவர்களுக்குக் கல் எடுப்பவரும் அவரே.

அவர்கள் பதியில் ஒருவர் இறந்தால் புதைப்பதோடு காரியம் முடிந்துவிடாது. ஊருக்கு மேலே ஓடும் வேங்கைப் பள்ளம் என்கிற ஓடையில் இருந்து இறந்தவருக்காக ஒரு கல் எடுத்துவர வேண்டும். தண்ணீர் உருட்டி வழவழப்பான கல்லாக இருக்க வேண்டும், இரும்பு பட்டிருக்கக் கூடாது. அதைக் குளிப்பாட்டி, சீர் செய்து, முன்னோர் கற்கள் இருக்கும் கல்மனைக்குள் வைப்பார்கள். அன்றைக்குத்தான் செத்தவர் தம் ஆட்களோடு சேர்கிறார். அதுவரைக்கும் வெளியே நிற்கிறார் என்று கணக்கு.

கல்லைக் கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது. பள்ளத்துக்குள் இறங்கி, செத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வெறுங்காலால் தடவித் தேட வேண்டும். கண்ணால் எடுத்தால் அது அழகுக்கு எடுத்தது ஆகிவிடும் என்பார் சடையன். பதியில் அவர் காலத்தில் செத்த அத்தனை பேரையும் அவர் கால்தான் கண்டுபிடித்தது.

எண்பத்தெட்டில் பள்ளத்தின் தலைப்பக்கம் வெள்ளைக்கல் குவாரி வந்தது. மேலே சோலைக்காடு, நடுவில் குவாரிக் குழி, கீழே பதி. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் போகிற கல் அது. பிறகு அதைப் பொடியாக அரைக்கும் மில்லும் வந்தது. மேட்டுக்காட்டுக்கு வழி அடைபட்ட பிறகு பதி ஆட்கள் குவாரிக்கே வேலைக்குப் போனார்கள். மல்லி கல் உடைத்தாள். சடையன் மில்லில் பொடி மூட்டை பிடித்தார். சாயங்காலம் தலையில் இருந்து கால் வரைக்கும் வெள்ளையாக வருவார்கள்.

“எம்புருசன் செவத்துப்போட்டாரு, இனி பொண்ணு கேட்டு வந்துருவாங்க” என்று மல்லி ஊரைச் சிரிக்கவைத்தாள். முதல் வருசம் எல்லோரும் சிரித்தார்கள்.

மருதாள் அப்போது கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமோ முடித்ததும் சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரியில் வேலை கிடைத்தது. வார்ப்புக்கு வருகிற மணலைச் சோதிக்கிற வேலை. மணலைச் சலிப்பாள், லென்ஸ் வைத்துப் பார்ப்பாள், எது உருண்டது, எது உடைந்தது என்று பிரிப்பாள்.

குழி ஆழம் போகப் போக ஊற்றுக்கண் குழிக்குள்ளேயே திறந்துகொண்டது. காட்டில் இருந்து வருகிற நீரும் அதற்குள் இறங்கிவிட்டது. குழியில் நிற்கிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே தள்ளினார்கள். பதிக்கு வந்து சேர்ந்த பள்ளம் அந்த மோட்டார் தள்ளிய தண்ணீர்தான். கூடவே மில் கழிவும் சேர்ந்து வந்தது. தண்ணீர் மோர் மாதிரி இருக்கும். கரண்ட் போனால் பள்ளம் நின்றுவிடும்.

“மழைக்குக் காத்திருந்தது போயி இப்ப கரண்டுக்குக் காத்திருக்கறோம்” என்றார் சடையன். மருதாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊற்று எந்த மட்டத்தில் இருந்தது, குழி எந்த மட்டத்துக்குப் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. குழியை மூடினால்கூட அந்தப் பள்ளம் பழையபடி வராது.

மல்லி தொண்ணூற்று நாலு ஐப்பசியில் இறந்தாள். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் டிபி கிருமி ஒரு தடவைகூட அகப்படவில்லை. மருதாள் எக்ஸ்ரேயைப் பார்த்தாள். அம்மாவின் நுரையீரல் பூராவும் கல்பொடி தெளித்த மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் சடையனின் அலைச்சல் தொடங்கியது. தம் பெண்டாட்டிக்கு அவரேதான் கல் எடுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சேறு. பழைய கல்லெல்லாம் அதற்கு அடியில். காலில் தட்டுப்பட்டதெல்லாம் குவாரியில் இருந்து உருண்டு வந்த உடைகல். முனை கிழித்து ரத்தம் வரும். கழுவிப் பார்த்தால் கல்லின் ஒரு பக்கத்தில் துளைபோட்ட இரும்பின் தடம் இருக்கும். தூக்கி வைத்துவிட்டு அடுத்த நாள் மறுபடி இறங்குவார். மல்லி வெளியே நின்றாள்.

தொண்ணூற்று ஆறு ஆடியில் கல் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதாள் வந்தபோது அவர் முகமே வேறு மாதிரி இருந்தது. மல்லியின் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தார். “பாரு அம்மணி. காலு வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. மல்லீன்னு கூப்புட்டேன், பாதத்துக்கடியில வந்து நின்னுக்கிட்டா.” ஆவணியில் சீர் என்று நஞ்சன் மூப்பன் நாள் குறித்துவிட்டார். பதியின் தலைவர் அவர்.

மருதாள் கல்லைக் கையில் வாங்கினாள். முட்டை வடிவம், சாம்பல் நிறம். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்து, பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்தது. அந்த மலையில் அந்த நிறத்தில் கல் கிடையாது. பவுண்டரி சோதனைச்சாலையில் மாதிரிப் பொடி அரைக்கச் சின்ன மில் ஒன்று உண்டு. அதற்குள் போட்டு உருட்டுகிற கற்களை அவள் தினமும் கழுவி அடுக்குகிறாள்.

“நல்லா இருக்குதுப்பா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். செட்டிக்கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு மில் கேட்டுக்குப் போனாள்.

கேட்டில் சூப்பர்வைசர் கதிர்வேல் நின்றிருந்தார். பல்லடத்துக்காரர். நல்ல மாதிரி மனிதர், அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்.

“ஏனுங்ண்ணா, மில்லுக்குள்ள பொடி அரைக்க என்ன கல்லுங்க போடறீங்க?”

“எதுக்கு அம்மணி? உங்க பவுண்டரிக்கு வேணுமா?”

“தெரிஞ்சுக்கலாமுன்னுதானுங்க.”

“கடற்கரைக் கல்லு. கப்பல்ல வருது, எந்தச் சீமையோ. இரும்புக் குண்டு போட்டா பொடி கறுத்துப்போயிருமில்ல? அதுனால கல்லுதான். உள்ள சுத்தியும் கல்லே பதிச்சிருக்கு. தேஞ்சு சிறுசாப் போனா கழிவோட பள்ளத்துல போயிரும்.” காலடியில் கிடந்த குவியலில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். “பாரு, கோழிமுட்டையாட்டவே இருக்குது. எங்கூட்டுல பாப்பா வெளையாட நாலு கொண்டுட்டுப் போனேன். நீயும் எடுத்துக்க, கண்ணு.”

அவள் வாங்கவில்லை. திரும்பி நடக்கும்போது ஒன்று உறைத்தது. அந்தக் கல்லில் இரும்பு படவில்லை. வழவழப்பாக இருக்கிறது. பள்ளத்தில் கிடந்தது, மல்லி பெயரைச் சொல்லிக் காலால்தான் எடுக்கப்பட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் ஆவணியில் அம்மா உள்ளே போய்விடுவாள். அப்பா நிம்மதியாக இருப்பார். வீடு வரும் வரைக்கும் இதையே நினைத்தாள். பிறகு கல்மனைக்குள் மற்ற கற்களுக்கு நடுவில் அந்தச் சாம்பல் நிறத்தை வைத்துப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

“அப்பா, அது நம்ம பள்ளத்துக் கல்லில்ல.”

“பள்ளத்துலதான அம்மணி எடுத்தேன்.”

“பள்ளத்துல வந்து உளுந்தது. மில்லுல போட்டு உருட்டுன கல்லு.”

சடையன் துணியைப் பிரித்தார். மூடினார். மறுபடி பிரித்தார். “இரும்பு பட்டுதா?”

“இல்ல.”

“அப்பறம் எங்கத்துக் கல்லு?”

“கடலுக்கு அந்தப் பக்கமாம். கப்பல்ல வருதாம்.”

“உங்கம்மா காரமடை தாண்டிப் பஸ்ஸே ஏறுனதில்ல” என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

ரங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “வெச்சுத் தொலைடா. கல்லு கல்லுதான? ரெண்டு வருசமா அவ வெளிய நிக்கறா. படிச்ச புள்ளைக்கு இதையெல்லாம் நோண்டாட்டி என்ன?”

“அவளை வையாதேக்கா. நான் வெச்சுப்போடுவேன். உள்ள இருக்கறவங்க இது ஆருன்னு கேப்பாங்கல்ல? நான் என்ன சொல்லட்டும்?”

மறுநாள் காலையில் மருதாள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவரும் கூட வந்தார். கல் துணிக்குள் இருந்தது. பள்ளத்தில் வீசுவார் என்று அவள் நினைத்தாள். அவர் மில் கேட்டுக்குப் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து, கல்லைப் பதனமாகக் கீழே வைத்தார்.

“என்ன சடையா, இதையும் கொண்டாந்து குடுக்கறியா? கழிச்சுப்போட்டதுதானே” என்றார் கதிர்வேல்.

“இருக்கட்டுங்க. எந்த ஊர்க்காரங்க காலுக்குக் கெடைக்க வேண்டியதோ. தூக்கி எறியக் கூடாதுங்க.”

சேலைத் துணியை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சீர் தள்ளிப்போனது.

இனி ஒரே வழிதான் இருந்தது. குழிக்கு மேலே சோலைக்காட்டுக்குள் பள்ளம் இன்னும் பள்ளமாகவே ஓடியது. முன்பு பள்ளத்தோடு நடந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அங்கே போய்விடலாம். இப்போது வழியில் குழியும் கம்பி வேலியும் இருந்தன. மேட்டைச் சுற்றித்தான் ஏற வேண்டும். புரட்டாசியில் சடையன் ஒரு தடவை போனார். பாதி மேட்டில் மூச்சு நின்றுவிடும் போலாகி உட்கார்ந்துவிட்டார். விறகுக்குப் போனவர்கள் பார்த்துக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். கார்த்திகையில் மறுபடி போனார். முதல் தடவை எட்டிய இடத்தைக்கூட இந்தத் தடவை எட்ட முடியவில்லை.

மருதாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அம்மாவுடையதைப் போலவே இருந்தது. டாக்டர் டிபி மாத்திரை எழுதினார்.

“நான் போயி எடுத்துட்டு வரட்டுமாப்பா?” என்று திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள். “அந்தக் காட்டுக் கல்லு எனக்கு அடையாளம் தெரியும்.”

“அதேதான் அம்மணி. உனக்குக் கண்ணுலதான் தெரியும். செருப்புப் போட்டு வளந்த காலு உன்னுது.” மாத்திரைப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டார். “எதுக்கு வெசனப்படறே? பனி கொறையட்டும். எனக்கு மூச்சு சரியாப் போயிரும். உங்கம்மாவுக்கு நானில்லாம வேற ஆரு போவா?”

மாசியில் தகவல் வந்தபோது மருதாள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்தபோது புதைக்கத் தயாராக வைத்திருந்தார்கள். குளிப்பாட்டிய பிறகும் காது மடிப்பில் வெள்ளை இருந்தது. அவள் துடைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு நஞ்சன் மூப்பன் அவளைக் கூப்பிட்டார். “உங்கப்பனுக்கு இப்பக் கல்லு எடுக்க முடியாது அம்மணி. முன்னால போனவ மல்லி. அவ உள்ள போனாத்தான் இவன் போக முடியும்.”

“எடுக்கறது ஆருங்க?”

“மண்ணுக்காரன் வழியில அவன் தம்பி மகன் ஒருத்தன் இருக்கான். குவாரியில துளை போடற வேலை. எந்நேரமும் மிசினக் காலால அமுக்கிப் புடிச்சு அவனுக்குக் காலு மரத்துக் கெடக்குது. கேட்டுப் பாக்கறேன்.” மூப்பன் மலைப்பக்கம் பார்த்தார். “சீக்கிரமாக் கேக்கோணும். மேல மரத்துக்கெல்லாம் செவப்புப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்கறாங்க. குழி அங்க வரைக்கும் போகுதாமா.”

வீட்டுக்குள் பாய் விரித்தபடியே கிடந்தது. ரங்கம்மாள் அதைச் சுருட்டவிடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழமைகூடச் சொன்னான். மூச்சு இன்னிக்குப் பரவால்லக்கா, வெயில் ஏறறதுக்குள்ள மேப்பள்ளத்துக்கு ஒரு நடை போயி மல்லிக்குக் கல்லு எடுத்துட்டு வந்துபோடறேன்னு. சித்தெ இரு, கஞ்சி குடிச்சுட்டுப் போன்னேன். சரின்னு உக்காந்தான்.”

கஞ்சி குடித்தார். பிறகு படுத்துக்கொண்டார். மேல் பள்ளத்துக்குப் போகவில்லை.